மாதிரி வண்டிகளுக்கு வண்ணம் கலப்போர் கவனத்திற்கு



இந்தப் பகுதியில் இதுவரை நீரிழிவு, இரத்த அழுத்தம், பிள்ளைகளுக்கான தடுப்பூசி என்று எழுதி வந்திருக்கின்றோம். இம்முறை சற்று வித்தியாசமான ஒரு விடயத்தைப் பார்ப்போம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தனது மகனைக் கூட்டிக்கொண்டு எம்மிடம் வந்தார். பையனுக்கு 13 வயது. பின்னேரங்களில் தலையிடி, சில நாட்களில் சத்தி வருவது போன்ற உணர்வு. கண் வைத்தியரிடம் காட்டியாயிற்று, கண்ணில் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது தலையிடி வருவதில்லை. சனி, ஞாயிறுகளில் சித்தி வீட்டில் தங்கினாலும் வருவதில்லை.

"வீட்டில பின்னேரம் என்ன செய்யிறனீர் தம்பி?" என்று கேட்டோம்.

"பிளேன் செய்யிறனான் டொக்ரர்" என்றான்.

பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் பூசிச் செய்கின்ற மாதிரி விமானம். படுக்கையறையில், குளிருக்காக இறுக்கப் பூட்டிய யன்னலுக்குப் பக்கத்தில், இரவு 9 மணி வரை அந்த வேலை நடக்கும். மேசையில் மூடி திறந்தபடி ஒரு தின்னர் போத்தல் இருக்கும். நாம் மருந்து எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. மேசையை இடம் மாற்றவும், வண்ணத்தின் வகையை மாற்றவும் சொன்னோம். இரண்டு கிழமையில் தலையிடி போய்விட்டது.

போகும்போது தாய் கேட்டார்: "இதை விடச் சொல்லட்டோ டொக்ரர்?"

விட வேண்டியதில்லை. கையும் கண்ணும் பழகுகின்ற, பொறுமையைக் கற்றுக்கொடுக்கின்ற நல்ல பொழுதுபோக்கு இது. பிள்ளை கைத்தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் ஒரு வேலையில் இருப்பது இந்தக் காலத்தில் சிறிய விடயமும் அல்ல. ஆனால் வண்ணத்தை எதில் கரைக்கின்றோம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். இது தெரிந்தால் நிறமும் நன்றாக வரும், சுகமும் கெடாது. தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எமது வீட்டிலேயே பார்த்திருக்கின்றோம். அதைப் பின்னர் சொல்கின்றோம்.

ஒரு பழைய கேள்வி

பெர்னார்தினோ ரமாட்சினி என்பவர் 1633 இல் வட இத்தாலியின் கார்ப்பி என்னும் ஊரில் பிறந்த வைத்தியர். தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700 இல் மொடெனா நகரில் வெளிவந்தது. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ஓவியர்களுக்கு வரும் நோய்களைப் பற்றியும் அந்த நூலில் ஒரு பகுதி உண்டு. அக்காலத்து ஓவியர்கள் ஈயமும் பாதரசமும் சேர்ந்த நிறப்பொடிகளோடு நாள் முழுவதும் இருந்தார்கள்.

நோயாளியிடம் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீர் என்ன தொழில் செய்கின்றீர்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அவர் வைத்தியர்களுக்குச் சொன்னார். இன்று அதனோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கின்றது: "ஓய்வு நேரத்தில் என்ன செய்கின்றீர்?" நீங்களும் வைத்தியரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

வண்ணங்களின் நான்கு குடும்பங்கள்

எந்த வண்ணத்திலும் மூன்று பொருட்கள் உண்டு. நிறத்தைத் தரும் பொடி ஒன்று. அந்தப் பொடியைப் பிடித்து ஒட்டவைக்கும் பிசின் இரண்டாவது. இரண்டையும் கரைத்து ஓட வைக்கும் திரவம் மூன்றாவது. வண்ணம் காய்வது என்றால் இந்தத் திரவம் ஆவியாகிக் காற்றில் சேர்வதுதான். அந்தக் காற்றைத்தான் நாம் சுவாசிக்கின்றோம். ஆகவே திரவத்தை வைத்து வண்ணங்களை நான்கு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

1. தண்ணீரில் கரையும் அக்ரிலிக். ஸ்பெயின் நாட்டு வயெஹோ, இத்தாலியில் 1962 இல் தொடங்கிய இத்தாலெரி ஆகிய கொம்பனிகளின் அக்ரிலிக் வண்ணங்கள் இவ்வகை. தண்ணீரில் அல்லது அதே கொம்பனியின் திரவத்தில் கரைக்கலாம். மணம் மிகக் குறைவு. தூரிகையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம்.

2. அற்ககோல் சேர்ந்த அக்ரிலிக். ஜப்பானின் தமியா கொம்பனியின் சிறிய கண்ணாடிப் போத்தல்களில் வரும் அக்ரிலிக் இவ்வகை. இதுவும் அக்ரிலிக் என்ற பெயரோடு வருவதால், தண்ணீர் வண்ணம் என்று பலரும் நினைத்துவிடுகின்றார்கள். இதற்கென விற்கப்படும் தின்னரில் அல்லது ஐசோபுரொபைல் அற்ககோலில் கரைப்பார்கள். மணம் உண்டு, தீப்பற்றும்.

3. எனாமல். இங்கிலாந்தின் ஹம்புரோல் கொம்பனியின் 14 மில்லிலீற்றர் சின்னப் பேணிகளைப் பலர் கண்டிருப்பீர்கள். இத்தாலியில் இவ்வகையை ஸ்மால்ட்டோ என்பார்கள். இதை அக்குவாராஜா என்ற திரவத்தில் கரைப்பார்கள். மெதுவாகக் காயும். ஒரு இரவு முழுவதும் வைக்க வேண்டும். அதுவரையும் அறைக்குள் ஆவி வந்துகொண்டே இருக்கும்.

4. லக்கர். கார்களுக்கு அடிக்கும் வண்ணத்தின் தம்பி என்று சொல்லலாம். நைத்ரோ தின்னரில் கரையும். மிக விரைவாகக் காயும், மணம் மிகக் கடுமை. நான்கிலும் ஆபத்துக் கூடியது இதுவே.

எது எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டால் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் நெருப்பின் படம் இருந்தால் அது தண்ணீர் வண்ணம் அல்ல. நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் இருந்தால் உடலின் உள்ளுறுப்புகளுக்குக் கேடு செய்யக்கூடியது. எச் 304 என்ற குறியீடு இருந்தால், விழுங்கிச் சுவாசக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று பொருள்.

செம்மஞ்சள் சதுரத்துக்குள் கறுப்புப் படம் போட்ட பேணி வீட்டில் இருக்கின்றதா? ஐரோப்பாவில் வண்ணம் போன்ற கலவைகளுக்கு 2015 யூன் மாதத்தில் புதிய குறியீடுகள் கட்டாயமாகின. ஆகவே அது பழைய பேணி. பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்கள் சிலவற்றில் ஈயச் சேர்மங்கள் இருந்தன. யாரோ கொடுத்த பழைய பெட்டியில் இப்படியானவை இருந்தால் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். உலர்ந்த பழைய வண்ணத்தைச் சுரண்டவோ அரத்தாளால் தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசிதான் உடலுக்குள் போகும்.

நிறம் கலக்கும் முறை

பலேர்மோவில் வளரும் எமது பிள்ளைகளுக்குச் சிசிலியின் வண்டியான கர்ரெத்தோவைத் தெரியும். கடைகளில் சின்னதாக மரத்தில் செய்து விற்கின்றார்கள், பள்ளிக்கூடங்களிலும் செய்விப்பார்கள். ஒர்லாந்தோ, ரினால்தோ ஆகிய வீரர்களின் கதைகளை அதன் பலகைகளில் வரைவார்கள். சிசிலியின் பொம்மலாட்டத்திலும் இதே வீரர்கள்தான் வருவார்கள். அந்தப் பொம்மலாட்டத்தை 2001 இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுரிமையாக அறிவித்தது. பலேர்மோப் பக்கத்து வண்டியின் அடிநிறம் மஞ்சள், கத்தானியாப் பக்கத்து வண்டியின் அடிநிறம் சிவப்பு. இந்த மஞ்சளையே உதாரணமாக வைத்துக் கலந்து பார்ப்போம். நல்லூர்த் தேரின் மாதிரி செய்தாலும் இதே முறைதான்.

முதலில் மரத்துக்கு வெள்ளை அடிப்பூச்சு ஒன்று கொடுங்கள். மஞ்சளும் சிவப்பும் ஒளி புகும் நிறங்கள். கீழே உள்ள நிறம் மேலே தெரியும். மண்ணிற மரத்தின் மேல் நேரே மஞ்சள் பூசினால் ஐந்து தடவை பூசினாலும் அழுக்காகவே இருக்கும்.

கலப்பதற்கு வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை எடுங்கள். அதை அதற்கென்றே வைத்துவிடுங்கள், திரும்பக் குசினிக்குள் கொண்டு போகக் கூடாது. வெளிர் நிறத்தை முதலில் விட்டு, கடும் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மாறிச் செய்தால் தட்டு நிறைய வண்ணம் வீணாகும். 10 துளி மஞ்சள் விடுங்கள். பல்லுக்குத்தும் குச்சியின் நுனியில் சிவப்பைத் தொட்டு அதில் கலக்குங்கள். முட்டை மஞ்சள் கருவின் நிறம் வரும்வரை குச்சி நுனியாலேயே கூட்டுங்கள். ஒரு முழுத் துளி சிவப்பு விட்டால் செம்மஞ்சளாகிவிடும்.

மஞ்சளைக் கடுமையாக்கக் கறுப்பைச் சேர்க்க வேண்டாம், பாசிப் பச்சையாகிவிடும். மண்ணிறத்தைச் சேருங்கள். சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளையை மட்டும் சேர்த்தால் ரோசாப்பூ நிறமாகும். கொஞ்சம் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் சேர்த்தால் சிவப்பு சிவப்பாகவே வெளிறும்.

தண்ணீரைக் கடைசியில் சேருங்கள். தூரிகையால் பூசுவதற்கு 2 துளி வண்ணத்துக்கு 1 துளி தண்ணீரில் தொடங்கலாம். காற்றால் விசிறும் எயார்பிரஷ் என்றால் பசுப்பால் பதம் வர வேண்டும். தட்டின் ஓரத்தில் விட்டால் பால் போல வழிந்து, பின்னால் மெல்லிய படலத்தை விட்டுச் செல்ல வேண்டும். தண்ணீர் போல ஓடினால் கூடிவிட்டது. தயிர் போல நின்றால் காணாது. தடிப்பாக ஒரு தடவை பூசுவதை விட மெல்லியதாக மூன்று தடவை பூசுவதே அழகு. இதில் வைத்தியர் பார்வையிலும் ஒரு நன்மை உண்டு. எனாமலும் லக்கரும் பாவிப்பவர்கள் தடிப்பாகப் பூசினால் அது காயும்வரை ஆவி நீண்ட நேரம் வரும்.

கலந்த நிறத்தை வெள்ளைப் பிளாஸ்ரிக் கரண்டியின் முதுகில் பூசி அரை மணித்தியாலம் விடுங்கள். அக்ரிலிக் காயும்போது நிறம் சற்றுக் கடுமையாகும். ஈரத்தில் சரியாக இருப்பது காய்ந்தபின் பிழையாக இருக்கலாம். சரியாக வந்ததும் எத்தனை துளி என்று கொப்பியில் எழுதிவையுங்கள். வண்டியின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் பூசும்போது அது கைகொடுக்கும். 72 இல் ஒரு பங்கு அளவான விமானம் போன்ற சின்ன மாதிரிகளுக்கு, நிறத்தில் சில துளி வெள்ளை சேர்த்தால் உண்மையானது போலத் தெரியும். தூரத்தில் உள்ள பொருள் வெளிறித் தெரிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம்.

ஒரு குடும்பத்து வண்ணத்தை இன்னொரு குடும்பத்து வண்ணத்தோடு ஒரே தட்டில் கலக்க வேண்டாம். எனாமலுக்குள் தண்ணீரை விட்டால் திரைந்த பால் போலாகும். காய்ந்த எனாமலின் மேல் லக்கர் பூசினால் கீழே உள்ளது சுருங்கி மேலெழும். அதைச் சரிப்படுத்தவென்று இன்னும் தின்னர், இன்னும் கடுமையான தின்னர் என்று போவதில்தான் அநேகமானோர் தலையிடியில் முடிகின்றார்கள்.

இன்னுமொன்று. நுனியைக் கூராக்கத் தூரிகையை வாயில் வைக்கும் பழக்கம் பெரியவர்களுக்கும் உண்டு. 1920 களில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், மணிக்கூட்டு முகங்களுக்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசிய இளம் பெண்கள் இப்படித்தான் செய்தார்கள். தாடையெலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். எமது வண்ணங்களில் ரேடியம் இல்லை. ஆனாலும் சில சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். ஈரத் துணியில் நுனியை உருட்டினால் அதே கூர்மை வரும்.

எமது வீட்டில் நடந்தது

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பிறகு பல வருடங்கள் இருட்டுத்தான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்த விளக்கில் படித்தவர்கள் இந்தச் செய்திமடலை வாசிப்பவர்களிலும் பலர் இருப்பீர்கள். நாமும் அந்த வெளிச்சத்தில்தான் மருத்துவம் படித்தோம். தட்டுப்பாடான மண்ணெண்ணெயை வீடுகளில் சோடாப் போத்தல்களில் சேர்த்து வைத்திருப்பார்கள். தாகத்தில் எடுத்துக் குடித்த சின்னப் பிள்ளைகளை வைத்தியசாலைக்குத் தூக்கி வருவார்கள். சத்தி எடுக்க வைக்கக் கூடாது, சுவாசத்தைக் கவனி என்பது நாம் ஆரம்பத்திலேயே கற்ற பாடங்களில் ஒன்று.

பிறகு அகதியாக வெளியேறி, இந்த நாட்டுக்கு வந்து, மொழி படித்து, பட்டத்தை அங்கீகரிக்கச் செய்து, மீண்டும் வைத்தியராகினோம். 2011 இல் எமது மகனுக்கு 12 வயது, மகளுக்கு 3 வயது. மகனின் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்ரெத்தோ ஒன்றுக்கு வண்ணம் பூசினோம். கையில் கிடைத்தது எனாமல். பெர்ரமெந்தா என்ற இரும்புச் சாமான் கடையில் ஒரு லீற்றர் அக்குவாராஜா வாங்கினோம். பெரிய பேணியில் இருந்து துளித் துளியாக விடுவது கஷ்டமாக இருந்தது. குடித்து முடித்த அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்குள் கொஞ்சத்தை ஊற்றி மேசையில் வைத்தோம்.

அந்தத் திரவம் தண்ணீர் போலவே நிறமில்லாதது. பெயரின் முன்பாதியும் அக்குவா, அதாவது தண்ணீர். எங்கள் காதுக்குப் பின்பாதி ராஜா என்று கேட்கும். உண்மையில் அது மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு.

தொலைபேசி அடித்தது. எழும்பிப் போய்த் திரும்பி வருவதற்குள் மகள் கதிரையில் ஏறி ஒரு வாய் குடித்துவிட்டாள். இருமிக்கொண்டு அழுதாள். குசினிக்குள் இருந்து மாமி உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். "இதைக் குடுங்கோ தம்பி, சத்தி எடுக்கட்டும்."

"வேண்டாம் மாமி, ஒண்டும் குடுக்காதேங்கோ" என்று சொல்ல எமக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கை நடுங்கியது. மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை பார்த்திருந்தாலும், சொந்தப் பிள்ளை இருமும்போது எல்லாம் மறந்துவிடும் போல இருந்தது.

வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரவு காய்ச்சல் வந்தது, மூச்சு வேகமானது. மறுநாள் எடுத்த படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் புகை போலத் தெரிந்தது. மூன்று நாள் ஒட்சிசனோடு வைத்திருந்தார்கள். சுகமாகி வந்தாள். இப்போது எம்மை விட உயரமாக வளர்ந்துவிட்டாள். அந்தக் கர்ரெத்தோ அரைவாசி மஞ்சளோடு அலுமாரியின் மேல் இன்னமும் இருக்கின்றது. மகன் அதை முடிக்க விரும்பவில்லை, எறியவும் நாம் விரும்பவில்லை.

அக்குவாராஜா வரும் பேணியின் மூடியை அழுத்தித் திருப்பினால்தான் திறக்கலாம். சிறு பிள்ளைகள் திறக்காதிருக்கச் சட்டப்படி அப்படிச் செய்கின்றார்கள். அந்தப் பாதுகாப்பை எடுத்து எறிந்தது எமது கைதான்.

விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

இந்தத் திரவங்கள் மிக மெல்லியவை. வயிற்றுக்குள் போவதை விட, வழுக்கி நுரையீரலுக்குள் போவதே ஆபத்து. அதற்கு ஒரு வாய் போதும். சத்தி எடுக்க வைத்தால் அது தொண்டை வழியாக இன்னொரு முறை வரும், நுரையீரலுக்குள் இறங்க இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்கும். எனவே:

உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், பால், தேங்காய்ப்பால், எண்ணெய் எதுவும் கொடுக்க வேண்டாம். தொண்டைக்குள் விரலை விட வேண்டாம்.

வாயைத் துடைத்துவிடுங்கள். திரவம் பட்ட உடுப்பைக் கழற்றி, பட்ட தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பிள்ளையை இருத்தி வைத்து 112 ஐ அழையுங்கள். இத்தாலிய மொழி சரியாக வராவிட்டால் இந்த வசனம் போதும்: மகள் என்றால் "மியா ஃபீல்யா ஆ பெவூத்தோ அக்குவாராஜா". மகன் என்றால் "மியோ ஃபீல்யோ ஆ பெவூத்தோ அக்குவாராஜா". பின்னர் உங்கள் விலாசத்தைச் சொல்லுங்கள்.

மிலான் நகரில் உள்ள நிகுவார்தா வைத்தியசாலையின் நஞ்சு ஆலோசனை நிலையத்தை 02 66101029 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இந்த இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் பேணியையும் கையோடு கொண்டு போங்கள்.

பிள்ளை சிரித்து விளையாடினாலும் கட்டாயம் காட்டுங்கள். இருமலும் காய்ச்சலும் சில மணித்தியாலங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் வைத்தியசாலையில் மறித்து வைத்துப் பார்ப்பார்கள்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, பின்னர் வைத்தியரிடம் காட்டுங்கள். கையில் பட்ட எனாமலைத் தின்னரால் துடைக்க வேண்டாம். கொஞ்சம் சமையல் எண்ணெய் பூசித் தேய்த்துச் சவர்க்காரம் போட்டால் போய்விடும்.

காற்று, நெருப்பு, முகக்கவசம்

தின்னரின் ஆவி காற்றை விடப் பாரமானது. அது கீழே இறங்கித் தரையில் தங்கும். மேசையில் இருக்கும் பெரியவருக்கு மணம் பெரிதாகத் தெரியாது. கீழே தவழும் குழந்தை அதைச் சுவாசிக்கும். பல்லாரோ பக்கத்துப் பழைய கட்டடங்களில் இரண்டு அறைக்குள் ஐந்து பேர் இருக்கும் குடும்பங்கள் எம்மில் உண்டு. அப்படியான வீட்டில் மூன்றாம், நான்காம் குடும்பத்து வண்ணங்களை உள்ளே திறக்கவே வேண்டாம். பால்கனியில் செய்யுங்கள், அங்கேயே காய விடுங்கள். தண்ணீர் அக்ரிலிக் என்றாலும் எதிரெதிரான இரண்டு யன்னல்களைத் திறந்து வையுங்கள். சிரோக்கோ அனல்காற்று வீசி யன்னல்களைப் பூட்டி வைக்கும் நாட்களில் தின்னர் வேலையை ஒத்திப் போடுங்கள். வெப்பம் கூடினால் ஆவியும் கூடும்.

அந்த ஆவி நெருப்பைத் தேடிப் போகும். சாமி விளக்கு, மாதா படத்துக்கும் சாந்தா ரொசாலியா படத்துக்கும் முன்னால் ஏற்றும் மெழுகுதிரி, எரிவாயு அடுப்பு, சிகரெட் எல்லாமே நெருப்புத்தான். இங்கு பல வீடுகளில் தண்ணீர் சூடாக்கும் கல்தாயா பால்கனியில்தான் இருக்கின்றது. அதற்குப் பக்கத்தில் நின்று ஸ்பிரே அடிக்க வேண்டாம். ஸ்பிரேப் பேணிக்குள் வண்ணத்தைத் தள்ளும் வாயுவும் அநேகமாக அடுப்பு வாயுவின் இனம்தான்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய முகக்கவசங்கள் எல்லோர் வீட்டிலும் மிச்சம் இருக்கும். துணிக் கவசமும் சத்திரசிகிச்சைக் கவசமும் இந்த ஆவியைத் தடுக்காது. எஃப்எஃப்பி 2 கவசம் ஸ்பிரேயின் நுண்துளிகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி வேண்டும். ஏ என்ற எழுத்தும் மண்ணிறப் பட்டியும் போட்ட வடிகட்டியைக் கேட்டு வாங்குங்கள். இது பெரியவர்களின் முகத்துக்கு அளவானது, பிள்ளைகளுக்குப் பொருந்தாது. கவசம் தேவைப்படும் வேலை பிள்ளைகளுக்கு உரிய வேலை அல்ல.

தொய்வு உள்ளவர்கள் எனாமலையும் லக்கரையும் தவிர்ப்பதே நல்லது. கர்ப்பிணித் தாய்மார் தின்னர் மணம் உள்ள அறையில் இருக்க வேண்டாம். மாதிரிக் கார்களுக்குக் கண்ணாடி போன்ற பளபளப்புத் தரவென்று இரண்டு திரவங்களைச் சேர்த்து அடிக்கும் ஒரு வார்னிஷ் உண்டு. அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற் இருக்கும். இது ஆரோக்கியமானவருக்கும் புதிதாகத் தொய்வை உண்டாக்கக் கூடியது. வீட்டில் இதற்கு இடமே இல்லை.

மாலை வேளைகளில் தலையிடி, தலைச்சுற்று, கண் எரிவு வந்து, வெளியே போனதும் குறைகின்றதா? முதலில் வண்ண மேசையைப் பாருங்கள். குளிர்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக அப்படி வந்தால், எரிவாயு அடுப்பு அல்லது கல்தாயாவில் இருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டாகவும் இருக்கலாம். உடனே வெளியேறி 112 ஐ அழையுங்கள்.

நினைவில் வைத்திருக்க வேண்டியவை

பிள்ளைகளுக்குத் தண்ணீர் அக்ரிலிக் மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

எந்தத் திரவத்தையும் அது வந்த பேணியிலேயே வைத்திருங்கள். தண்ணீர்ப் போத்தல், யூஸ் போத்தல், தேநீர்க் கோப்பை எதிலும் ஊற்ற வேண்டாம். கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றால் மருந்துக் கடையில் விற்கும் சிரிஞ்சால் எடுங்கள்.

வேலை முடிந்ததும் மூடியை இறுக்கி, பூட்டுள்ள அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். தொலைபேசி அடித்தாலும் முதலில் மூடியை மூடுங்கள்.

மிச்சத் தின்னரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மூடிய பேணியில் சேர்த்து மாநகரின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள்.

அந்த 13 வயதுப் பையன் போன மாதம் தடிமனுக்கு மருந்து வாங்க வந்தான். விமானம் முடிந்துவிட்டதாம், இப்போது கர்ரெத்தோ செய்கின்றானாம். மஞ்சள் சரியாக வரவில்லை, பச்சையடித்துப் போகின்றது என்றான். கறுப்புச் சேர்த்தீரா என்று கேட்டோம். ஓம் என்றான். மண்ணிறம் சேர்த்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.